நீல டிரம்மும் என் வயிறும்

என்னிடம் எப்போதும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்த என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. இன்னும் உன்மேல் எரிச்சல் தீரவில்லை. நீ சொன்ன இரண்டு விஷயமும் கடைசியில் சரியாகத்தான் இருந்தது. அதை உன் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்ள வழியில்லாமல் பண்ணிவிட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் வயிறு. மதியம் சாப்பிட்டால் சாயங்காலத்துக்குள் உப்பி, சேலையைத் தளர்த்திக் கட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கடையில் நானாகவே அசிடிட்டி மாத்திரை வாங்கி, நாலு வருசமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். "யாருடி எழுதிக் கொடுத்தாங்க? வயித்துல அமிலத்தைக் கொறச்சுப்போட்டா உள்ள போற கிருமிய எது கொல்லும்?" என்று கேட்டாய். "நீ கோழித் தீவனம் பரிசோதிச்ச ஆளு, டாக்டர் இல்ல. கம்முனு இரு" என்றேன்.

நீ போனபின் அது முற்றியது. எடை குறைந்து, எழுந்து நடக்கவே சலிப்பாகிவிட்டது. சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இருபது நிமிசத்துக்கு ஒருதரம் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். "சிறுகுடல்ல பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிருச்சுங்க. நீங்க சாப்பிடறத உங்களுக்கு முன்னாடி அது புளிக்க வெச்சு வாயுவாக்கிடுது" என்றார் டாக்டர். அடுத்து என்ன கேட்டார் தெரியுமா? "அசிடிட்டி மாத்திரை எத்தன வருசமா போடறீங்க?"

ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக். அந்தப் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும். வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் எல்லாம் சில வாரத்துக்குக் குறைக்க வேண்டும். சின்ன வெங்காயம் இல்லாமல் நம் பக்கம் என்ன குழம்பு வைப்பது? பார்க்க வந்தவர்களெல்லாம் வைத்தியர்கள். ஒருத்தி பழைய சோறு என்கிறாள், இன்னொருத்தி பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்கிறாள். ரெண்டு மாசத்தில் திரும்பவும் உப்பிக்கொண்டது. "இது அப்படித்தாங்க, சில பேருக்குத் திரும்ப வரும்" என்று டாக்டர் மறுபடியும் மருந்து எழுதினார். இப்போது பரவாயில்லை.

அடுத்தது உன் கோழிகள். மச்சானுக்குச் சோறு வடிக்கவே தெரியாது, உன் பதினாலு நாட்டுக்கோழியை எங்கே பார்ப்பார்? நான்தான் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டு நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து அவற்றுக்கு ஊற்றினேன். ஆமாம், பழைய சாமான் கடையில் வாங்கிய அதே டிரம். நீ மோந்து பார்த்து, "இதுல முன்ன என்ன மருந்து இருந்துச்சோ, தண்ணி ஊத்தாத" என்றாயே, அது. மூணுதரம் சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று உன்னிடம் சண்டைகூடப் போட்டேன்.

கொஞ்ச நாளில் முட்டை ஓடு மெலிந்தது. கையில் எடுத்தாலே நொறுங்கியது. சிலது ஓடே இல்லாமல் வெறும் தோலோடு வந்தது. இளம் சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, நிறமும் ஏறவில்லை. கிளிஞ்சல் போட்டேன், கால்சியம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கால்நடை டாக்டர் வந்து நோய் எதுவும் இல்லை என்றார். பிறகு டிரம்மைப் பார்த்தார்.

"சில ரசாயனம் உடம்புக்குள்ள போயி ஹார்மோன் மாதிரியே நடிக்குங்க. பறவைங்க உடம்பு ஏமாந்துரும். ஓடு கட்டறது, கொண்டை வளர்றது எல்லாமே ஹார்மோன் வேலைதான். ஆனா இந்த டிரம்முதான் காரணம்னு பரிசோதிக்காம நான் சொல்ல மாட்டேன். முதல்ல இத எடுத்துப்போடுங்க. முட்டைய யாரும் சாப்பிட வேண்டாம்."

அக்கா, அந்த முட்டையை நான் கீர்த்தனாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது அஞ்சாம் மாசம். சத்தாக இருக்கட்டும் என்று தினமும் ரெண்டு. அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? ஸ்கேன் நன்றாக இருக்கிறது, இனிமேல் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் என்றார்கள்.

டிரம் போனபின் ஓடு மெதுவாகக் கெட்டிப்பட்டது. சேவல்களில் ஒன்றுக்கு இன்னும் கொண்டை சுண்டுவிரல் நகம் அளவுதான். அது அப்படியேதான் இருக்குமோ என்னவோ.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நீ போன அன்றைக்குக் காலையில் எனக்குப் போன் பண்ணினாய். "நெஞ்சுக்குழியில என்னமோ அழுத்துது, வேர்த்துக் கொட்டுது. வாயுதான், ஓமத்தண்ணி வெச்சுக் குடிச்சேன்" என்றாய். ஊரான் வீட்டு டிரம்மையெல்லாம் மோந்து பார்த்தவள், என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தவள், உனக்கு வந்ததை வாயு என்று சொல்லிப் படுத்துக்கொண்டாய். எனக்கு ஆத்திரம் உன்மேல்தான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் என்ன சொன்னேன்? "ஆமாக்கா, வாயுவாத்தான் இருக்கும். செத்த படுத்துக்க."

எதிர்ப்பேச்சு பேசாமல் உன் பேச்சை நான் அப்படியே ஏற்றுக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மச்சான் சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சைத் தேய்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆட்டோவில் ஏற்றி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒன்றுமில்லை. "வெறும் வாயு. இதுக்குப் போயி அரை நாள் கெட்டுப்போச்சு" என்று திரும்பி வரும் வழியெல்லாம் முனகினார். "கெட்டாக் கெட்டுட்டுப் போகுது மச்சான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஆட்டோவுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். உன்னைத்தான் நினைத்திருப்பார்.

இனிமேல் நம் குடும்பத்தில் யார் வாயு என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். திட்டு வாங்கினாலும் இழுத்துக்கொண்டு போவேன். அது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அன்றைக்கு மட்டும் உன்னோடு சண்டை போடாத
உன் தங்கச்சி,
சரசு