மூலைக்கு மூலை சரியாக இருந்தால்

எறையூர்
பிப்ரவரி 3

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

நானும் ஜோதியும் நலம். குவைத்தில் குளிர் விட்டதா, உங்களுக்கு இருமல் நின்றதா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரி சரி, வூடு எந்த அளவுல இருக்கு" என்று கேட்டுவிடுகிறீர்கள். வீடு முடிந்தால் வந்துவிடுகிறேன் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எங்களுக்கும் அதே நினைப்புதான். ஆனால் இது படம் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஜோதிக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு நாற்கரத்தைக் கொடுத்து, இது செவ்வகமா என்று கேட்டிருக்கிறார்கள். மூலைவிட்டம் இரண்டும் சமம், அதனால் செவ்வகம்தான் என்று இவள் எழுதியிருக்கிறாள். டீச்சர் சுழித்துவிட்டு, "மறுதலை எப்போதும் உண்மையாகாது" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார். செவ்வகம் என்றால் மூலைவிட்டங்கள் சமமாக இருக்கும், அது சரி. அதையே திருப்பிப் போட்டு, மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் அது செவ்வகம் என்று சொல்லக் கூடாதாம். அப்படித் திருப்பிப் போடுவதற்குப் பெயர்தான் மறுதலை.

ஜோதி அழுது முடித்துச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குத்தான் தையல் மெஷினில் உட்கார்ந்தும் மண்டை குடைந்தது. நேராகச் சொன்னால் உண்மை, திருப்பிச் சொன்னால் பொய், அதெப்படி? அப்புறம் முத்தாயி அக்கா நினைவுக்கு வந்தார். பஞ்சாயத்துத் தண்ணீர் வந்தால் முத்தாயி அக்கா குடத்தோடு ஓடுவார். அதனால் அவர் குடத்தோடு ஓடினால் தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பி, போன மாதம் நான் நாலு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் ஓட்டைக் குடத்தைக் கொடுத்துப் புதுக் குடம் வாங்க பிளாஸ்டிக்காரர் வண்டிக்கு ஓடியிருக்கிறார். தெருவே சிரித்தது.

பிறகு துடைப்பத்திலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு ஈர்க்குச்சி உருவி, ஜோதியின் நோட்டில் குறுக்காக வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக நடுவில் வெட்டிக்கொண்டால், நாலு முனையையும் சேர்க்கும்போது செவ்வகம் வருகிறது. நடுவை விட்டுக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி முறம் போல ஆகிவிடுகிறது. குச்சி அதே குச்சிதான், அளவும் அதே அளவுதான். பின்பக்கம் இரண்டு படமும் வரைந்திருக்கிறேன், பாருங்கள்.

முறத்தைப் பார்த்ததும்தான் நம் வீட்டு நினைப்பு வந்தது. நம் மனையில் முளை அடித்த அன்று பஞ்சநாதன் கொத்தனார் என்ன செய்தார்? மூலைக்கு மூலை கயிறு பிடித்து, ரெண்டும் சமம், கட்டடம் மட்டமாக நிற்கும் என்றார். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. இப்போது அஸ்திவாரம் முடிந்து பின்சுவர் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே போய், திரும்ப அளக்கலாமா என்று கேட்டேன். "இருவத்தஞ்சு வருசமா இப்படித்தாம்மா பாக்குறேன், நீங்க ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்குற மாதிரி நெனச்சுட்டீங்களா" என்று சிரித்தார். நானும் விடவில்லை. மூலைக்கு மூலை இரண்டு கயிறு கட்டச் சொல்லி, இரண்டிலும் சரிபாதியில் சிவப்பு நூல் முடிந்தேன். செவ்வகமாக இருந்தால் இரண்டு முடிச்சும் ஒரே இடத்தில் சேர வேண்டும். சேரவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. டேப்பை எடுத்துப் பின்பக்கம் அளந்தார். முன்பக்கம் முப்பது அடி, பின்பக்கம் இருபத்தெட்டரை. முன்னால் பிளானில் இருந்த வெளியளவைப் பார்த்து முளை அடித்தவர், பின்னால் அவசரத்தில் சுவர்க் கனம் போக உள்ள உள்ளளவைப் பார்த்து அடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்ததால் கயிறு காட்டிக்கொடுக்கவில்லை. மனிதர் மணல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "இப்படியே வுட்டா கண்ணுக்குத் தெரியாதும்மா, டைல்ஸ வெட்டி ஒட்டிக்கலாம். வைகாசியில பால் காய்ச்சிடலாம். பிரிச்சா ஆவணிதான்" என்றார். வைகாசி தவறினால் ஆனி, ஆடியில் நாம் பால் காய்ச்ச மாட்டோம் அல்லவா? வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வைகாசி என்றால் நீங்கள் வருகிற மாதம். ஆனாலும் நாலு வருடம் அந்த வெயிலில் வெல்டிங் வைத்துக் கட்டுகிற வீடு கோணலாக நிற்பதற்கு மனசு ஒப்பவில்லை. பிரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்று பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அழுகை நின்ற பிறகு ஒன்று உறைத்தது. வீடு முடிந்தால் வருவேன் என்றுதானே சொன்னீர்கள்? முடியாவிட்டால் வரமாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லையே! அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். சரியா என்று ஜோதியைக் கேட்டேன். அது வேறு வாக்கியம், ஒன்று உண்மை என்பதால் மற்றது உண்மையாகிவிடாது என்று அடித்துச் சொல்கிறாள்.

கடிதத்தைக் கொண்டுவருவது குரும்பலூர் அசோக் தம்பி. அவரும் வீடு முடிந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர்தான். மாடியோடு முடிந்து இரண்டு வருடமாகிறது, சனிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறார். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு அறையில்தான் விளக்குப் போடுகிறேன் என்று அவர் மனைவி லாவண்யா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

வைகாசியில் வாருங்கள். சுவர் மட்டும்தான் நிற்கும், மேலே ஒன்றும் இருக்காது, பரவாயில்லை. சிறுவாச்சூர் மதுரகாளி அதுவரைக்கும் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள்
புவனேஸ்வரி