பத்தைத் தாண்டாத வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், நீ விற்கச் சொன்ன வண்டியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராகச் சண்டைக்கு வருகிறேன். போனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா மகன் வண்டி வாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான், நீ அனுப்பியதாகச் சொன்னான். வந்தவர் டயரை உதைத்துப் பார்க்கிறார், கதவைத் திறந்து திறந்து மூடுகிறார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி என் கையில் இருக்கிறது, இங்கேயேதான் இருக்கும், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஆளைக் கூட்டி வந்த உன் அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று, அவனை நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

கம்பெனிக்காரன் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்கிறான், வண்டியோடு இணைத்து வைத்திருக்கும் உன் போனில் ஒன்பது, பத்து என்றுதான் காட்டுகிறது, அம்மா வண்டியைப் போட்டு மிதிக்கிறாள், இந்த வயதில் அவளுக்கு எதற்கு வேகத்துக்கென்று டர்போ வைத்த வண்டி என்று அண்ணனிடம் சொன்னாயாமே. ஏன்டி, என் காலைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? சைக்கிள்காரர்கூட என்னை முந்திக்கொண்டுதான் போகிறார். அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் இடம் நாலு தெரு தள்ளி, எஞ்சின் சூடேறுவதற்குள் இறங்க வேண்டியதுதான். நடுவில் இரண்டு சிக்னல், பள்ளிக்கூட வாசல் நெரிசல், வெயிலுக்கு ஏசி. அவ்வளவு கனமான வண்டி நின்று நின்று போனால் குடிக்கத்தான் செய்யும். கம்பெனிக்காரன் நம் தெருவிலா ஓட்டிப் பார்த்தான்? சின்ன வண்டி வாங்கு என்கிறாய், அதில் அப்பாவை மடக்கி உட்கார வைப்பது யார்? இதில் இடுப்பைச் சாய்த்தால் போதும், ஏறிவிடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. சிக்னலில் நின்றால் பெட்ரோல் மிச்சமாக எஞ்சின் தானாக அணைகிறதே, அந்த ஏற்பாட்டை ஏறியதுமே பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுகிறேன். முதல் தடவை அணைந்தபோது அப்பா பதறிப்போய்விட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு நடுரோட்டில் எஞ்சின் நிற்பது மானக்கேடு. வராத கையை இழுத்துக்கொண்டு சாவித் துவாரத்தைத் தேடினார், பொத்தானை அழுத்திக் கிளப்பும் இந்த வண்டியில் அது எங்கே இருக்கிறது? வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அணைக்க விடமாட்டார், டர்போ சூடா இருக்கும், ஆற விடு என்பார். மெக்கானிக்கிடம் கேட்டேன், நீங்க போற வேகத்துக்கு அது முழிச்சிக்கவே முழிச்சிக்காதும்மா, அப்புறம் எதை ஆற வைக்கிறீங்க என்று சிரித்தார். எனக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த மாட்டேன். பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டுக்குள் அவர் பேசுவது தண்ணி, போதும், லைட்டை அணை, அவ்வளவுதான். பேச வையுங்கள் என்று டாக்டர் சொல்கிறார், நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். அந்த எஞ்சின் ஓடும்போது மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வாய் திறக்கிறார். திக்கித் திக்கித்தான், ஆனால் பேசுகிறார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனது, கண்டக்டரோடு சண்டை போட்டது, நீ பிறந்த அன்று டிப்போவிலிருந்து யூனிபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தது எல்லாம் வருகிறது. நேற்று உன் பெயரைச் சுத்தமாகச் சொன்னார். எஞ்சினை அணைத்தால் பேச்சும் நின்றுவிடுகிறது, நான் எப்படி அணைப்பேன்?

போன மாதம் ஒரு நாள் பதினேழு காட்டியதாம், அன்றைக்கு மட்டும் ஒழுங்காக ஓட்டினாள் என்றாயாம். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, மருந்துக்காக பைபாஸில் நான் தனியாகப் போய் வந்தேன். ஆற விடு என்று சொல்ல ஆள் இல்லை. அழுதுகொண்டே ஓட்டினேன், உன் போன் அதைக் காட்டியிருக்காது.

பிள்ளைக்குச் சளி என்றாயே, வெந்நீர் கொடு, தலையைத் துவட்டாமல் விடாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். விற்கும் பேச்சை இத்தோடு விட்டுவிடு. போனில் பார்ப்பதை மட்டும் விடாதே. ஒன்பது காட்டினால் அப்பா பேசிக்கொண்டிருக்கிறார் என்று நிம்மதியாக உன் வேலையைப் பார். என்றைக்காவது தினமும் பதினேழு காட்ட ஆரம்பித்தால், அப்போது கிளம்பி வா.

இப்படிக்கு,
சாவியை விடாத உன் அம்மா