மந்திரிக்காத வண்டி

12 மார்ச் 2025, புதன்

மச்சான் ராயப்பனின் பயத்துக்குக் கோயில் கட்டினால், அதன் கோபுரத்தில் ஏறி இலங்கையைப் பார்க்கலாம். அவன் பெண், அதாவது என் தங்கை மகள் லிடியாவுக்கு வெள்ளிமலைப் பக்கம் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குள் சேராவிட்டால் போச்சு. மலைக் கிராமங்களைச் சுற்றிவர அவளே ஸ்கூட்டியும் வாங்கிவிட்டாள். அப்பன்காரன் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத வண்டி மலையேறக் கூடாதாம். சரி, மந்திரி என்றால், தவக்காலத்தில் புது வண்டி மந்திரிக்கக் கூடாதாம். ஈஸ்டர் கழியட்டுமாம். ஈஸ்டர் ஏப்ரலில் அல்லவா வருகிறது!

16 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே கேட்டேன். தாராளமாக மந்திரிக்கலாம் என்று தீர்த்தச் செம்போடு கூடவே வந்துவிட்டார். தெளித்த தீர்த்தம் ராயப்பன் தலையிலும் விழுந்தது. பயம் கரையவில்லை. சாமியார் தலை மறைந்ததும், மழை வந்தால் மலையில் பாறை உருளுமே என்கிறான். இந்த வெயிலில்!

18 மார்ச்

இந்த ஆள் உளுந்தூர்பேட்டையில் ரோட்டைத் தாண்டப் பயந்து, எதிர்ப்பக்கத்துக் கல்யாணத்துக்கு மொய்யைக் கொடுத்தனுப்பியவன். சின்னசேலம் ஸ்டேஷனில் ரயில் வந்தால் தூணைக் கட்டிப்பிடிப்பான். அது அவன் பாடு. பெண்ணையும் அதே தூணில் கட்டுவதா?

24 மார்ச்

இன்று நான் கத்திய கத்தலில் தெருவில் ஓடு பறந்தது.

"பயமா கீதுன்னா நீ வூட்ல கெட. அவள ஏன் கட்டிப்போடற?"

"உனக்கின்னா மச்சான், நீயா பெத்த?"

நானே கூட்டிப் போகிறேன், புலி வந்தால் காதைத் திருகித் திருப்பி அனுப்புகிறேன் என்று சூளுரைத்தேன். சாவி கைமாறியது.

28 மார்ச், வெள்ளி

எழுதக் கை கூசுகிறது.

லிடியா ஓட்டினாள். பின்னால் நான், மடியில் அவள் பை. கச்சிராயபாளையம் தாண்டும்வரை பாடிக்கொண்டே போனேன். முதல் வளைவில் பள்ளம் தெரிந்தது. இரண்டாவதில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன் — இடுப்பு வலி என்று.

"பயமா மாமா?" என்றாள். நான் மலையையே முறைத்தேன்.

"நானும் பயந்துக்கினுதான் ஓட்டறேன். டைம் ஆவுது மாமா."

பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு போயேவிட்டாள். நான் வந்த வழியே மலையிலிருந்து கீழே நடந்தேன். சாயங்காலம் போன் செய்தாள்: வேலையில் சேர்ந்தாயிற்று.

ஐம்பது வருஷமாக மொட்டைமாடியில் நின்றபடி அந்த மலைக்கே சொந்தக்காரன்போல் பேசியிருக்கிறேன். இன்னாடா எட்வினு, நீயெல்லாம் ஒரு ஆளா? வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டேன். போதவில்லை.

29 மார்ச்

ராயப்பனிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

30 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து ராயப்பன் வந்து நின்றான். பங்குனி வெயிலில் காதுவரை மப்ளர்.

"பாப்பாவப் பாத்துட்டு வரலாம், வா. பஸ்ல. தனியா போவ பயமா கீது மச்சான்."

இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மலை தொடங்கியது. ஏதோ ஒரு வளைவில் அவன் என் வெளுத்த வேட்டியில் வாந்தி எடுத்தான். விட்டேனா? அவன் பரம்பரையில் ஆதாம் வரைக்கும் ஒருத்தரையும் மிச்சம் வைக்காமல் திட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு அவனும் திருப்பித் திட்டினான். கண்டக்டர் வந்து, வெள்ளிமலை வந்துவிட்டது, கீழே இறங்கிச் சண்டை போடுங்கள் என்றார்.

வளைவுகள் எப்போது முடிந்தன என்று இருவருக்குமே தெரியவில்லை.