இடது தோள் அரை அங்குலம் இறக்கம்

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனுஷன் வீட்டில் குழாய் சொட்டுகிறது! சொன்னால் "பாக்குறேன்" என்பார். பார்ப்பார். பார்ப்பதோடு சரி. இன்று பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். நாளைக்கே காணாம போனாலும் இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது." சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். தட்டைக் கழுவியது அதிசயம்தான்.

மார்ச் 4, புதன்

தையல் கடையில் அடுத்த வருஷத்துப் பள்ளிச் சீருடை ஆர்டர் இப்போதே குவிந்துவிட்டது. நாள் முழுக்கப் பேன்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைத்து முதுகு போயே போய்விட்டது. இவர் இன்னும் வரவில்லை. கோபம் வந்தால் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. போகட்டும், இன்றைக்கு ஒரு தட்டு மிச்சம்.

மார்ச் 5, வியாழன்

காலையில் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன்கிட்ட குடுங்க, பேசணும்."

"உங்க வீட்டுலதானே இருக்காரு?"

"இங்க எங்க வந்தாரு?"

மகளை எழுப்பிக் கேட்டேன். "அப்பா குளிக்கிறாருன்னு நினைச்சேன்" என்கிறாள்.

"நேத்துலேருந்தா குளிக்கிறாரு?"

"கதவு சாத்தியிருந்துச்சும்மா!"

அவருடைய போன் சார்ஜரிலேயே கிடக்கிறது. அலுவலகத்துக்குப் பேசினால், புதன் காலையிலேயே வந்து இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாராம், வீட்டு விசேஷம் என்று. என்ன விசேஷம்? எனக்குத் தெரியாமல் என் வீட்டில் என்ன விசேஷம்?

மார்ச் 6, வெள்ளி

காவல் நிலையம் போனோம். நான், மகள், நாத்தனார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் லீவு விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார். "முறைப்படி லீவு போட்டுட்டுக் காணாம போனவரை இப்பத்தாம்மா பாக்குறேன்."

போட்டோ கேட்டார். இல்லை. வீட்டில் எல்லாப் படமும் எடுப்பது அவர்தான். பழைய கல்யாணப் படத்தை விட்டால் எந்தப் படத்திலும் அவர் கிடையாது, நாலைந்தில் மட்டும் ஓரமாக அவர் கட்டைவிரல் இருக்கிறது. கட்டைவிரலை வைத்து ஆளைத் தேட முடியுமா?

"சரி, அடையாளம் சொல்லுங்க."

"மீசை வச்சிருப்பாரு" என்றாள் மகள். "எடுத்துட்டாருடி" என்றேன் நான். "எப்ப எடுத்தாரு?" என்று நாத்தனார் என்னிடம் சண்டைக்கு வந்தாள். வலது கன்னத்தில் மச்சம் இருப்பதாகவும் சொன்னாள். அது மச்சமே இல்லை, பரு. கல்யாணமான மறுவாரமே போய்விட்டது.

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "காலர் பதினஞ்சரை. இடுப்பு நாப்பது. கை நீளம் இருபத்தி மூணு. இடது தோள் அரை அங்குலம் இறக்கம்."

"அம்மா, ஆளைத் தேடணுமா, சட்டை தைக்கணுமா?"

உயரம் கேட்டார். சட்டைக்கு உயரம் எதற்கு? அளந்ததே இல்லை. ஐந்தடி நாலு இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

பேனாவை மூடினார். "மொதல்ல மூணு பேரும் ஒரே ஆளைத் தேடுங்கம்மா. அப்புறம் நாங்க தேடுறோம்."

மார்ச் 7, சனி

இவர் மீட்டர் பார்க்கிற தெருக்களில் வீடு வீடாக விசாரித்தேன். "மீட்டர்காரரா? வருவாரே. முகமா… முகம் ஞாபகமில்லையே" என்கிறார்கள். இருபது வருஷமாக இவர்கள் வாசலில் குனிந்து குனிந்து நின்ற மனுஷன்! முதுகை மட்டும் பார்த்திருக்கிறார்கள் போல.

நாய்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது. அவர் தண்ணீர் பாட்டிலை நான் கையில் வைத்திருந்தேன். ஒரு வீட்டு நாய் அதை மோந்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தது. அதை அழைத்துப் போய் வாக்குமூலம் வாங்கவா முடியும்?

மார்ச் 9, திங்கள்

போஸ்டர் அடிக்க முடிவாகியது. படத்துக்கு எங்கே போவது? கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் போடலாம் என்றாள் நாத்தனார். "அதுலதான் அண்ணன் ராஜா மாதிரி இருக்கு."

"ராஜாவைத் தேடலையே, உங்க அண்ணனைத்தானே தேடுறோம்" என்றேன். எடுபடவில்லை. அடர்ந்த முடி, முறுக்கு மீசை, கன்னத்தில் பரு. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஆளைப் பக்கத்து ஊர் வரைக்கும் ஒட்டிவிட்டு வந்தோம்.

மார்ச் 11, புதன்

போன் மேல் போன். பஸ் நிலையத்தில் "அச்சு அசலா போட்டோல இருக்கிற மாதிரியே" ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அச்சு அசல்தான். வயது இருபத்தாறு. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தான். வேலைக்கு நேர்காணலாம், அவனை விடமாட்டேன் என்கிறார்கள். "நான் காணாமப் போகலைன்னு நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சினான்.

பிடித்துக் கொடுத்தவருக்கு என்மேல் கோபம். "போட்டோவுல இருக்கிறவரு வேணும்னீங்க, கொண்டாந்தா வேணாங்கிறீங்க!"

மார்ச் 12, வியாழன்

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார் போலீஸ்காரர். அடிபட்டு இறந்த ஒருவர், யாரென்று தெரியவில்லையாம். மகளை வெளியிலேயே நிறுத்திவிட்டுப் போனேன். முதலில் சட்டையைத்தான் பார்த்தேன். தோள் இரண்டும் ஒரே மட்டம். காலர் எப்படியும் பதினாறுக்குக் குறையாது. "இவரு இல்லை" என்றேன். "மொகத்தைப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். பார்த்தேன். இல்லை. யார் பெற்ற பிள்ளையோ.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். என்ன வார்த்தை சொல்லிட்டேன் அன்னிக்கு! ஒரு குழாய்க்காக. ஏங்க, எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க? குழாய் சொட்டினா சொட்டிட்டுப் போகுது. வந்துடுங்க.

மார்ச் 14, சனி

நாத்தனார் வேண்டாம் என்றாள். மகள் வேண்டாம் என்றாள். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்கவில்லை. நானே எழுதி, நானே அச்சடித்து, நானே ஒட்டினேன். படம் கிடையாது.

"காணவில்லை. பழைய போஸ்டரைப் பார்க்காதீர்கள். இப்போதைய ஆள் இவர்தான்: முன்பக்கம் வழுக்கை. பக்கத்து முடியை இழுத்து வாரி மறைத்திருப்பார், மறையாது. தொப்பை உண்டு; இல்லை என்பார். உயரம் ஐந்தடி நாலு. மீட்டர் பை மாட்டி மாட்டி இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். ஆறிப்போன டீயையும் ஊதித்தான் குடிப்பார். எதைக் கேட்டாலும் 'பாக்குறேன்' என்பார். இவரைக் கண்டால் ஒரே ஒரு விஷயம் சொல்லவும்: அவர் இல்லாதது வீட்டில் தெரிந்துவிட்டது."

"அண்ணன் மானத்தை இப்படி வாங்குறீங்களே அண்ணி" என்று நாத்தனார் அழுதாள். அழட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் நிற்கிறார். கையில் என் போஸ்டர், மிச்சமிருந்ததை இன்று காலைதான் பக்கத்து ஊரில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். பசை காயாமல் கிழித்து எடுத்திருக்கிறார், ஒரு மூலை சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இதுல தப்பு இருக்கு. என் உயரம் அஞ்சடி ஆறு."

வந்ததும் வராததுமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது!

பக்கத்து ஊரில் சலவைக்கடை வைத்திருக்கிற பழைய சிநேகிதரோடு தங்கி, துணி தேய்த்துக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். முதல் போஸ்டர் அந்தக் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே இருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் தேய்த்தாராம்.

"பாத்துமா வரலை?" என்று கத்தினேன்.

"நீங்க அவனைத்தானே தேடுனீங்க" என்றார். "அந்த முடி, அந்த மீசை… அவனை எதிர்பாத்துட்டு இருக்கிற எடத்துல நான் வந்து நின்னா ஏமாந்துருவீங்களேன்னு இருந்துச்சு. இது வேற. இதைப் படிச்சதும் சிநேகிதன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். 'கெளம்பு'ன்னுட்டான்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. அழுதுகொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே சாப்பாடு போட்டேன். அப்பாவைக் கட்டிக்கொண்டு மகள் விடவேயில்லை. இடையில் அவள் அவசரமாக அவர் மேலுதட்டில் மீசை உண்டா என்று பார்த்ததை நான் கவனித்தேன்.

மார்ச் 18, புதன்

கடைக்கு லீவு போட்டேன். மத்தியானம் அசந்து தூங்கினார். டேப்பை எடுத்துத் தலையிலிருந்து குதிகால் வரை மெதுவாக வைத்து அளந்தேன். ஐந்தடி நாலு. என் கண் என்ன லேசுப்பட்ட கண்ணா! இடுப்பையும் பார்த்தேன், முப்பத்தெட்டரைதான் இருக்கிறது. அந்தச் சிநேகிதர் வீட்டில் சோறு போட்டார்களா இல்லையா?

எழுந்ததும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். முன்பு சொட்டியது. இப்போது ஒழுகுகிறது.

மார்ச் 20, வெள்ளி

வழக்கை முடிக்கக் காவல் நிலையம் வரச் சொல்லியிருந்தார்கள். கடையிலிருந்து அப்படியே போனேன், இவரும் வந்தார். போலீஸ்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் போஸ்டரோடு ஒத்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. அந்தத் தோள்கூட. உயரம் மட்டும் இவரு வேற சொல்றாரு. எது சரி? சொல்லுங்க, எழுதி மூடிடுறேன்."

இவர் என் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். குதிகால் தரையில் இல்லை. டேப் என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சடி ஆறு சார்" என்றேன்.