கூரையில் பனி நிற்கிறது

அன்புள்ள மகனே,

மார்ச் முடியப்போகிறது, உட்கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இந்தக் குளிர்காலத்திலும் கூரை ஒழுகினால் டுலூத்தில் இருக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டு உன்னோடு அரிசோனாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன்.

இலையுதிர்காலம் முழுக்கப் பரணில் தவழ்ந்து, குழாய்களையும் விளக்குகளையும் சுற்றியிருந்த இடைவெளிகளை நானே அடைத்து, வீட்டுச் சூடு மேலே போகாமல் தடுக்கும் பஞ்சைத் தடிமனாகப் பரப்பினேன்.

ஜனவரியில் பக்கத்து வீட்டு ரெய்னோ வேலியருகே நின்று கேட்டார்: “என்ன டீச்சர், உங்க கூரைல மட்டும் பனி உருகவே இல்ல? ஹீட்டரை அணைச்சுட்டீங்களா?”

“மூடி சரியா இருந்தா சூப் ஆறாது, ரெய்னோ. உங்க வீட்டுச் சூடு கூரைக்குப் போய்ப் பனியை உருக்குது. அந்தத் தண்ணி கூரையோரத்துல உறைஞ்சு அணை கட்டுது. பின்னால வர்ற தண்ணி எங்க போகும்?”

“என் சமையலறைக்கு” என்றார் பாவம். மறுநாளே என் பரணைப் பார்க்க வந்துவிட்டார்.

உன் அப்பா விழுந்த அன்று கையில் இருந்த கோடரி, கொட்டகையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நீள ஏணியை மட்டும் கொடுத்துவிட்டேன். பனிக்கட்டி உடைக்க இனி இந்தக் கூரையில் யாரும் ஏற வேண்டியதில்லை.

இன்னும் இதே வீட்டிலிருந்து,
உன் அம்மா