ஜீப்புக்கு மட்டும் திறந்த கேட்

அன்புள்ள நவாஸ் நானா,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் ஜீப்பை இப்போது மகள் ஷிரீன்தான் ஓட்டுகிறாள். நேற்று கண்டி மஹய்யாவ ஏற்றத்தில் முதல் கியரிலேயே கதறவிட்டுக்கொண்டு வந்தாள். நீங்கள் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள்.

ஊரே ஜப்பான் வண்டி வாங்கும்போது நீங்கள் மட்டும் ஐரோப்பாக்காரன் செய்த அந்தக் குட்டி ஜீப்பை வாங்கினீர்கள். "பார்ட்ஸுக்கு பாரிஸுக்கா போவீங்க நானா?" என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! அந்த ஆரஞ்சு நிறத்தில் கண்டியில் வேறு வண்டி இல்லை. தூரத்தில் கண்டாலே உங்களுடையது என்று எவருக்கும் தெரியும்.

சிங்களக் கும்பல் முஸ்லிம் கடைகளை எரித்த அந்த வாரம், அதனால்தானே அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்?

"ஒங்கட வூட்டுல நிண்டா ஒத்தரும் தொட மாட்டான் தம்பி. கரச்சல் இல்லியே?"

"என்ன நானா கேக்குறீங்க, உள்ள விடுங்க."

தமிழன் வண்டி என்று தெரியட்டும் என்று பொனட்டில் மூன்று கோடு விபூதி பூசினேன். சிரித்தீர்கள். பிறகும் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றீர்கள். ஊரடங்கு போடப்போகிறார்கள், வீட்டுக்குப் போங்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

நீங்கள் போன பிறகு தறப்பாள் போட்டு மூடும்போதுதான் பார்த்தேன். பின் சீட்டில் பெரிய பை. உங்கள் மனைவி ராத்தாவின் உடுப்புகள், ஷிரீனின் பள்ளிச் சீருடை, அவளுடைய தலையணை. வண்டியை விட மட்டுமா வந்தீர்கள் நானா?

போன் கையில்தான் இருந்தது. உங்களைக் கூப்பிடவில்லை. உங்களை வைத்திருப்பது தெரிந்தால் எங்கள் வீட்டுக்கும் கல் விழுமே என்று பயந்தேன். முன்பு இதேபோலத் தமிழரை அடித்த கலவரத்தில் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்த குடும்பம் எங்களுடையது. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

ஊரடங்கு எடுத்ததும் வந்து ஜீப்பைக் கொண்டுபோனீர்கள். பையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிரவு மூவரும் எங்கே இருந்தீர்கள் என்பதை உங்கள் பேரில் ஓதிச் சோறு கொடுத்த கத்தத்துக்கு வந்தபோதுதான் ராத்தா சொன்னார். "தோட்டத்துல தம்பி. தேயிலைக்குள்ள."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

நாளை ராத்தாவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுக்கப் போகிறேன். இனி ஒரு கரச்சல், கலவரம் என்று வந்தால் யாரும் என் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம், திறந்துகொண்டு வரட்டும். வாங்குவாரா, தெரியாது. வாங்காவிட்டால் கோபிக்க எனக்கென்ன உரிமை? வாங்கும்வரை அவர் வாசலில் போய் நிற்பேன் நானா. இது சத்தியம்.

கூடப் பிறக்காத தம்பி,
சிவா