சந்தனம் பூசிய பாஞ்சோ

நண்பா,

சந்தன வாசனை வந்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. இன்று காலை தெமோதரையில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் கிண்ணத்தை நீட்டினார்கள். கையை இழுத்துக்கொண்டேன். "ஏன் மாமா, சந்தனம் ஆகாதா?" என்று கேட்டாள் பெண்ணின் தங்கை. ஆகாதுதான். காரணம் உனக்கும் தெரியாது, நீ போன பிறகு நடந்தது அது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் பாஞ்சோ, தோல் போர்த்திய அந்தத் தந்தி வாத்தியம், வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனபோது பங்களாக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனது. நீ அங்கே பூந்தோட்ட வேலை பார்த்தாய். துரையின் ரேடியோ பாடும்போதெல்லாம் கத்தரியை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்பாய். அமெரிக்க மலைநாட்டுக்காரர்களின் வாசிப்பு அது. புளூகிராஸ் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரிந்தது. "அவனுங்களும் நம்மள மாதிரி மலையில கெடக்குறவனுங்கதான்டா," என்பாய். "அந்த வெரலோட்டத்தக் கேட்டா எங்கப்பன் பெரட்டுக்கு அடிக்கிற மாதிரியே இருக்கு."

விடியுமுன் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட உன் அப்பா தப்பு மேளம் அடிப்பார். தேயிலைத் தோட்டமே அந்தச் சத்தத்தில்தான் எழுந்தது. எழுந்தவர்களில் ஒருவனாவது அவரைத் தன் வாசலில் உட்காரச் சொன்னதில்லை.

பாஞ்சோவின் கிழிந்த முகத்துக்கு, முனியாண்டிக்கு வெட்டிய ஆட்டின் தோலை நீயே பதப்படுத்தி இழுத்துக் கட்டினாய். தேயிலைப் பெட்டித் தகரத்தை வெட்டி விரல்களுக்கு நகம் செய்தாய். நம் பனியில் ஆட்டுத்தோல் தளர்ந்துவிடும். தப்பைக் காய்ச்சுவதுபோல் இதையும் நெருப்பில் காட்ட வேண்டும். தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்பு என் பொறுப்பில் இருந்ததால் அங்கே வருவாய். "தோல் சும்மா பேசாதுடா, நெருப்பக் காட்டணும்," என்பாய். காய்ச்சிய சூட்டோடு நீ வாசித்தால், கேட்டவன் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. எல்ல, பெரகல ஊர்களிலிருந்தெல்லாம் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உன்னைத் தேடி வந்தார்கள்.

உனக்கு ஒரே ஆசை. அம்மன் திருவிழாவில் கோயில் மண்டபத்துக்குள் உட்கார்ந்து ஒரு தடவை வாசிக்க வேண்டும். கோயில் தலைவரான பெரிய கங்காணியின் வீட்டுக்கு இருவரும் போனோம். கேட்டது நீ. பதில் வந்தது எனக்கு.

"ஆட்டுத்தோலக் கருக்கிக்கிட்டு உள்ள வரலாமாப்பா? அந்த நாத்தம் அம்மனுக்கு ஆகாது. வேணும்னா கோயில் கேட்டுக்கு வெளிய நின்னு வாசிக்கச் சொல்லு."

"மிருதங்கத்துல என்னங்க, வாழமட்டையா கட்டியிருக்கு?" என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

வருஷா வருஷம் கேட்டுக்கு வெளியேதான் வாசித்தாய். மழை பெய்தாலும் அங்கேதான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். சீ, என்ன பிறவிகள்! வாசிப்பு வேண்டும், வாசிப்பவன் வேண்டாம். காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும், "அடுத்த திருவிழாவுக்கு இன்னொருக்கா கேட்டுப் பாப்போம்டா," என்றாய். போனவன் திரும்பி வரவில்லை.

இப்போது எந்தத் தோட்டத்துக் கல்யாணத்திலும் உன் விரலோட்டத்தைத்தான் வாசிக்கிறார்கள். கொழும்பிலிருந்துகூட உன்னைப் பற்றி விசாரித்து ஆட்கள் வருகிறார்கள். பெரிய கங்காணிக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. போன மாதம் உனக்குப் படத்திறப்பு வைத்தார், அதே மண்டபத்தில். "நம்ம புள்ள! நம்ம அம்மன் குடுத்த கலைஞன்!" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒரு சொட்டும் இல்லை. நான் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

பாஞ்சோவை உன் வீட்டிலிருந்து வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கழுத்தில் மாலை. தோல் தெரியாதபடி ஈரச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். அவர்கள் மூக்குக்கு ஆகாத அந்த நாற்றத்தை மறைக்கத்தான் என்று புரிந்ததும் என் வாயில் புளித்த நீர் ஊறியது.

"நீதானப்பா அவனோட கூட்டாளி. ஒண்ணு வாசிச்சுக் காட்டு," என்றார் பெரிய கங்காணி.

எடுத்துத் தட்டிப் பார்த்தேன். சத்தம் செத்துப்போயிருந்தது. சந்தனத்தைத் துண்டால் வழித்தெறிந்தேன். வெளியே வந்து, கோயில் படிக்குக் கீழே காய்ந்த மானாப்புல்லைக் குவித்துப் பற்றவைத்தேன்.

"என்னப்பா இது, கோயில் வாசல்ல!" என்று பதறினார் பெரிய கங்காணி.

"வாசிக்கச் சொன்னீங்களே. காய்ச்சாம இது பேசாதுங்க."

புகை மண்டபத்துக்குள் போயிற்று. தோல் வாசனையும் கூடவே போயிற்று. பெரிய கங்காணி சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். படத்திறப்புக்கு வந்திருந்த கொழும்புக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் தடுக்கத் துணியவில்லை.

அப்போதுதான் உன் அப்பா என் கண்ணில் பட்டார். கேட்டுக்கு வெளியே, நீ வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். பெற்ற மகனின் படத்திறப்பு. உள்ளே வா என்று ஒருவனும் அவரைக் கூப்பிடவில்லை. தூ!

"வாங்கப்பா," என்றேன். "பதம் பாத்துச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கி வந்தார். நெருப்போரம் குந்தி, தோலைச் சுண்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் காட்டுங்க தம்பி." காட்டினேன். மறுபடி சுண்டினார். "இப்பப் பேசும்," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஏறினேன். உன் படத்துக்குக் கீழே அவரை உட்காரவைத்து, பெரட்டுத் தாளத்தில் தொடங்கும் உன் மெட்டை வாசித்தேன். பெரிய கங்காணியின் ஆட்கள் எழுந்து போனார்கள். போகும்போதும் அவர்கள் கால் உன் தாளத்தில்தான் விழுந்தது.

கண்ணாடிப் பெட்டி அங்கே காலியாகக் கிடக்கிறது. பாஞ்சோ என்னிடமே இருக்கட்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். என் வீட்டு அடுப்புக்கு மேலே, சூடு படும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து என் வீட்டுக்குள் உட்கார்ந்து பதம் பார்க்கிறார். தோலில் ஊறிய சந்தனம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. காய்ச்சும்போதெல்லாம் முதலில் கருகுவது அதுதான்.